முள்ளா, கண்ணாடியா, புளூடூத்தா? வீட்டுக்கு ஒரு எடை மெஷின்

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று இதய மருத்துவர் மருந்துச் சீட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: தினமும் காலையில் எடை பார்க்கவும்; மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யவும். இதயம் சரியாக இறைக்காதவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்பே அது எடையில் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ கொழுப்பு யாருக்கும் ஏறாது, நீர்தான் ஏறும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ, கணக்கு அவ்வளவுதான். (இந்த இரண்டு கிலோ அப்பாவுக்குச் சொன்னது. ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கும்பகோணத்து வீட்டில் அப்போது எடை மெஷின் என்று இருந்தது பரணில் கிடந்த ஒரு பழைய முள் மெஷின் மட்டும்தான். அதை இறக்கித் துடைத்ததில் தொடங்கி, ஒரு மாதத்தில் நான்கு மெஷின்களோடு பழகிவிட்டேன். அதில் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். உடம்பு இளைக்க நினைப்பவருக்கும் சர்க்கரைக்காக எடையைக் கவனிப்பவருக்கும் இதே குழப்பம்தான் இருக்கும் என்பதால், பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், துல்லியம் என்று எதைச் சொல்கிறோம்? ஒருவரின் உண்மையான எடை 68 கிலோ என்று வையுங்கள். ஒரு மெஷின் தினமும் 68.8 காட்டுகிறது. இன்னொன்று இன்று 68, நாளை 67.3, மறுநாள் 68.9. வீட்டுக்கு எது வேண்டும்? நான் யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுப்பேன். எண்ணூறு கிராம் தப்புதான், ஆனால் தினமும் அதே தப்பு. ஏற்றமும் இறக்கமும் அதில் சரியாகத் தெரியும். இரண்டாவது மெஷின் சராசரியில் உண்மை பேசுகிறது, ஆனால் அதை நம்பி ஒரு போன்கூடப் பண்ண முடியாது. திரையில் 50 கிராம் வரை காட்டுகிறதே என்று விளம்பரத்தில் மயங்க வேண்டாம். எத்தனை கிராம் வரை எண் வருகிறது என்பது வேறு, அந்த எண் எவ்வளவு சரி என்பது வேறு. மலிவான மெஷின்களோடு வரும் துண்டுத்தாளைப் படித்தால், அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

காசே செலவழிக்காத வழி ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் மெஷின், சில ரயில் நிலையங்களில் கலர் பல்பு மின்ன எடையையும் ஜோசியத்தையும் ஒரே அட்டையில் தரும் மெஷின், மெரினாவில் ஒரு மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். மாதம் ஒருமுறை சும்மா பார்த்துக்கொள்ள இதெல்லாம் போதும். தினக்கணக்குக்கு ஆகாது. செருப்பு, பர்ஸ், செல்போன், சாப்பிட்ட டிபன் எல்லாம் சேர்ந்து நிற்கும். ஜீன்ஸ் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும்.

அப்புறம் முள் மெஷின். ஏறி நின்றால் உள்ளே நெம்புகோல்கள் பாரத்தை நடுவில் உள்ள ஸ்பிரிங்குக்குக் கடத்தும். ஸ்பிரிங் இழுபட, சிறு பல்சக்கரம் சுழன்று, எண் எழுதிய வட்டத்தையோ முள்ளையோ நகர்த்தும். பேட்டரி வேண்டாம், பல வருடம் உழைக்கும், மேலே ரப்பர் விரிப்பு இருப்பதால் வழுக்காது. இப்போது சுமாராக 800 முதல் 1500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் பரண் மெஷின் யாரும் ஏறாமலே இரண்டு கிலோ காட்டிக்கொண்டிருந்தது. திருகிப் பூஜ்யமாக்கினோம். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தால் பூஜ்யத்தை மட்டும் சரிசெய்து பலனில்லை, எழுபது கிலோவில் என்ன ஆகிறது என்பது வேறு கதை.

அதைவிடப் பெரிய சிக்கல், படிப்பது. கிலோவுக்கு ஒரு கோடு. அப்பா அதில் ஏறி நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்தார். குனிந்ததும் முள் ஆடியது. நிமிர்ந்தார், முள் நின்றது, ஆனால் எண் தெரியவில்லை. கடைசியில் அம்மா தரையில் உட்கார்ந்து படித்து, "அறுபத்தெட்டுக்கும் அறுபத்தொன்பதுக்கும் நடுவுல" என்றார். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது எனக்கு எழுபது தெரிந்தது. பார்க்கிற கோணம் மாறினால் எண்ணும் மாறும். இரண்டு கிலோ என்பது இங்கே இரண்டே கோடு. மாதத்துக்கு ஒரு கிலோ குறைக்க நினைக்கிற, கண் நன்றாகத் தெரிகிற ஆளுக்கு முள் மெஷின் தாராளமாகப் போதும். அப்பாவுக்குப் போதாது.

அதனால் ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கினேன், கண்ணாடிப் பலகை வைத்தது, விலை 600 ரூபாய்க்கு உள்ளே. இந்த வகை மெஷினின் நான்கு மூலைக் கால்களிலும் ஆளுக்கொரு உலோகத் துண்டு இருக்கும். பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டையின் மின்தடை அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தை ஒரு சில்லு எண்ணாக்கித் திரையில் போடுகிறது. மலிவு மெஷினிலும் விலை கூடியதிலும் அடிப்படை இதுதான். அதனால்தான் 600 ரூபாய் மெஷினும் பெரும்பாலும் நன்றாகவே எடை போடுகிறது. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், அந்தச் சில்லில் எழுதியிருக்கும் நிரலில்.

முதல் நாள் 68.4. இரண்டாம் நாள் 68.4. மூன்றாம் நாளும் 68.4. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, கட்டுல இருக்கு!" எனக்கு உறுத்தியது. அந்த வாரம்தான் நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். மனிதர் அரைமணிக்கு ஒருமுறை பாத்ரூம் போய்க்கொண்டிருந்தார். நூறு கிராம்கூட மாறாமல் எப்படி இருக்கும்?

நான்காம் நாள் காலை வந்த பால் பாக்கெட்டுகளை எடுத்தேன். அரை லிட்டர் பால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அப்பா ஏறி நின்றார், 68.4. இறங்கி, கையில் ஒரு பாக்கெட்டோடு ஏறச் சொன்னேன். அப்போதும் 68.4! இரண்டு பாக்கெட் கொடுத்தேன். சட்டென்று 69.0 ஆனது. பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு மறுபடி ஏற்றினேன். இப்போது 68.0.

விஷயம் இதுதான். பல மலிவு மெஷின்கள் கடைசியாகப் பார்த்த எடையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வரும் எடை அதற்கு அரைக் கிலோ போல அருகில் இருந்தால், புது எண்ணைக் காட்டாமல் பழையதையே காட்டிவிடும். வாங்கியவர் ஐந்து முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "அட, ஒரே மாதிரி காட்டுதே, நல்ல மெஷின்" என்று நம்பிவிடுவார். திருட்டுத்தனம் என்று நான் சொல்வேன், பயனர் வசதி என்று அவர்கள் சொல்லக்கூடும். எப்படியானாலும், மெல்ல ஏறும் எடையைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவி அந்த ஏற்றத்தையே மறைக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிய இரண்டு நாள் இருந்தது, அனுப்பிவிட்டேன்.

எனவே எந்த டிஜிட்டல் மெஷின் வாங்கினாலும் பெட்டியைப் பிரித்த அன்றே பால் பாக்கெட் சோதனையைச் செய்யுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஆகும். ஏறுங்கள், இறங்குங்கள், பாட்டிலோடு ஏறுங்கள். அரைக் கிலோ கூட வேண்டும். கூடாவிட்டால் அந்த மெஷின் வேண்டாம். வேறு வழியில்லாமல் அதையே வைத்துக்கொள்ள நேர்ந்தால் ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொரு முறையும் முதலில் வேறொரு ஆளை ஏற்றிவிட்டு, அப்புறம் நீங்கள் ஏறுங்கள். ஞாபகம் அழிந்துபோகும்.

இன்னொரு சோதனை அரிசி மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கடைகளில் 26 கிலோ மூட்டை புழங்குகிறது. வரிக்குத் தப்பிய அந்த மூட்டை நமக்கு எடைக்கல்லாகப் பயன்படும். பிரிக்காத மூட்டையை மட்டும் வைத்துப் பாருங்கள், 26-ஐ ஒட்டி, சாக்கின் எடை கொஞ்சம் சேர்ந்து வர வேண்டும். தூக்கத் தெம்புள்ளவர் தன் எடையைப் பார்த்துவிட்டு மூட்டையோடும் ஏறிப் பார்க்கலாம். வித்தியாசம் 26 வந்தால், உங்கள் எடை இருக்கும் பகுதியிலும் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கேஸ் சிலிண்டரிலும் காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் கணக்கு வரும். ஆனால் அந்த இரும்பு வளையத்தைக் கண்ணாடிப் பலகைமேல் இறக்க வேண்டாம்.

மளிகைக் கடைத் தராசு போல வீட்டு மெஷினுக்கும் முத்திரை இருக்குமா என்று அம்மா கேட்டார். இருக்காது. வியாபாரத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே சரிபார்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. முத்திரை உள்ள கடையில் நிறுத்து வாங்கிய பத்து கிலோ சாமான் நல்ல எடைக்கல். பழைய பேப்பர் கடைத் தராசை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம், அது தனி சாஸ்திரம்.

மூன்றாவது வகை ஸ்மார்ட் மெஷின். மாடி வீட்டுத் தம்பி ஒன்று வைத்திருந்தார், ஒரு வாரம் கடன் வாங்கிப் பார்த்தேன். இவை 1000 ரூபாயிலிருந்து 2500 வரை கிடைக்கின்றன. எடை போடும் பாகம் சாதா டிஜிட்டலில் உள்ள அதே நான்கு மூலை ஏற்பாடுதான். கூடுதலாக, வெறுங்காலோடு நின்றால் உணர முடியாத அளவு சின்ன மின்னோட்டத்தை ஒரு பாதத்தில் செலுத்தி மறு பாதத்தில் வாங்குகிறது. உடம்பில் நீர் இருக்கும் தசை மின்சாரத்தை எளிதில் விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையையும், நீங்கள் ஆப்பில் பதிந்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை, எலும்பு இத்தனை, உடல் வயது இத்தனை என்று பதிமூன்று பதினான்கு எண்களைக் கொட்டுகிறது.

ஒரு விளையாட்டு செய்து பார்த்தேன். ஆப்பில் என் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டிப் பதிந்துவிட்டு மறுபடி ஏறினேன். ஒரு நிமிடத்தில் என் கொழுப்புச் சதவீதம் குறைந்துவிட்டது! அந்த எண்ணில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு கணிப்பு என்று அப்போது புரிந்தது. தவிர, மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால் இடுப்புக்கு மேலே நடப்பதெல்லாம் பெரும்பாலும் ஊகம்தான். அதற்காகத்தான் ஓம்ரான் நிறுவனத்தின் காராடா ஸ்கேன் மெஷின்கள் சிலவற்றில் கையில் பிடிக்க ஒரு கைப்பிடியும் இருக்கிறது. கொஞ்சம் மேல், ஆனால் விலையும் மேல். உடற்பயிற்சி செய்து தசை ஏறுகிறதா என்று மாதக் கணக்கில் பார்ப்பவருக்கு இந்த எண்களின் போக்கு ஓரளவு உதவும். அதையும் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான். குளித்த ஈரக்காலோடு ஒரு எண், தண்ணீர் குடிக்காத காலையில் இன்னொரு எண் என்று அது ஆடும்.

இதய நோயாளி வீட்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் பொருத்தியவர்கள் இந்த மின்னோட்ட மெஷினில் ஏறக் கூடாது என்று கையேடுகளிலேயே எழுதியிருக்கும். கர்ப்பிணிகளையும் தவிர்க்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு இப்போது அப்படி எதுவும் பொருத்தவில்லை, நாளைக்கு வைக்க வேண்டி வரலாம். அது ஒன்றே ஸ்மார்ட்டை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போதுமான காரணமாக இருந்தது.

ஆனாலும் அதில் ஒரு ஆசை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். நான் இருப்பது சென்னையில். அப்பா கும்பகோணத்தில் ஏறி நின்றால் எனக்கு இங்கே எண் வந்துவிடும் என்றால் எவ்வளவு நிம்மதி! அது நடக்க வைஃபை உள்ள மெஷின் வேண்டும், அது விலை கூடியது. மலிவானவை பெரும்பாலும் புளூடூத் மட்டும்தான். போனை அருகில் வைத்து, ஆப்பைத் திறந்து, பிறகு ஏற வேண்டும். அப்பா இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் ஆப் அப்டேட் கேட்டது, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது, பாஸ்வேர்டு கேட்டது. காலை ஆறு மணிக்கு எனக்கு போன்.

கடைசியில் வாங்கியது சாதா டிஜிட்டல், 1100 ரூபாய். ஆப் இல்லை, கொழுப்பு இல்லை. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது வேறு சங்கதிகளை. பலகை 30 சென்டிமீட்டர் அகலம். கடைகளில் அதிகம் வருவது 26 சென்டிமீட்டர், தள்ளாடும் கால்களுக்கு அந்த நான்கு சென்டிமீட்டர் பெரிது. எண் பெரியது, பின்னால் வெளிச்சம் உண்டு. பேட்டரி டிரிபிள் ஏ, தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். வட்டக் காசு பேட்டரி போடும் மெஷின் என்றால் வாட்ச் கடைக்குப் போக வேண்டும். அதைவிட, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் காசு பேட்டரி ஆபத்து, விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணி போட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள். பால் பாக்கெட் சோதனையில் புது மெஷின் சொக்கத்தங்கம். ஆஸ்பத்திரி மெஷினைவிட 400 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, தினமும் அதே 400. மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டோம்.

பச்சைக்குழந்தை எடைக்கு இந்த மெஷின் எதுவும் ஆகாது. தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தன் எடையைக் கழிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு ஏறுவதே 20, 30 கிராம், மெஷினின் ஒரு படி 100 கிராம். அங்கன்வாடித் தராசுதான் அதற்கு. வெளிநாட்டிலிருந்து மெஷின் கொண்டுவருபவர்களுக்கு ஒரு செய்தி: லண்டனில் சரியாக அளவமைத்த மெஷின் சென்னையில் 70 கிலோ ஆளை 200 கிராம் போலக் குறைத்துக் காட்டும். பூமியின் இழுவிசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது. இளைக்க விரும்புபவர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது? ஆங்கிலத்தில் இதற்குக் குளியலறை மெஷின் என்றுதான் பெயர். தரை காய்ந்திருக்கும் குளியலறைகள் உள்ள ஊர்களில் வைத்த பெயர் அது. நம் குளியலறைத் தரை எப்போதும் ஈரம், போதாததற்குத் தண்ணீர் ஓட வாட்டம் வேறு விட்டிருப்பார்கள். சாய்ந்த தரையில் நான்கு கால்களும் சமமாகப் பாரம் வாங்காது. ஈரக் கண்ணாடியில் வழுக்கி விழுந்தால் எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மிதியடி, பாய் மேலும் கூடாது. எங்கள் மெஷின் கூடத்தில் பீரோ ஓரம் இருக்கிறது. அங்கே மொசைக் தரை, சமதளம். டைல்ஸ் என்றால் இணைப்புப் பள்ளத்தில் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினின் நான்கு மூலையிலும் தரையில் மார்க்கரால் கோடு போட்டுவைத்தோம். பெருக்கும்போது நகர்ந்தால் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். நகர்த்திய பிறகு வரும் முதல் எண்ணை நம்பக் கூடாது. ஒருமுறை காலால் தட்டி, பூஜ்யம் வந்து அணையவிட்டு, அப்புறம் ஏற வேண்டும்.

நேரம், எழுந்து பாத்ரூம் போய்வந்த பின், காபிக்கு முன். அப்பா எப்போதும் லுங்கி மட்டும். இளைக்கப் பார்ப்பவர்கள் அன்றன்றைய எண்ணோடு சண்டை போட வேண்டாம். கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் உப்பு, உப்பு நீரைப் பிடித்துவைக்கும், மறுநாள் ஒரு கிலோ கூடத் தெரியலாம். அதேபோல் சோற்றைக் குறைத்த முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று குதிப்பதும் வேண்டாம். உடம்பு சேர்த்துவைத்த சர்க்கரையோடு ஒட்டியிருந்த நீர் போயிருக்கிறது, ஒரு கிராமோடு மூன்று கிராம் நீர் போகும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அப்பா கதை வேறு. அவருக்குச் சராசரி கிடையாது, மூன்று நாள் எண்களை அருகருகே பார்க்க வேண்டும்.

அதை எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு கூத்து. அப்பா முதலில் தினசரி காலண்டர் தாளில் எழுதினார். மறுநாள் காலை அம்மா வழக்கம்போலக் கிழித்து, மடித்து, டப்பா மூடிக்குக் கீழே வைத்துவிட்டார். இப்போது மாதக் காலண்டருக்கு மாறிவிட்டோம். முன்பு பால் கணக்கு எழுதிய கட்டங்களில் 68.4, 68.1, 68.3 என்று நீல மையில் நிற்கின்றன. தினமும் ஆறேகாலுக்கு அம்மா அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாதி நாள் அவர் கட்டைவிரல்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது, ஆனாலும் எண்ணைப் படித்துவிட முடிகிறது.